மஞ்சள் ஏறிய சோளக்காடு

திண்டுக்கல்லில் இயற்கைக் காட்சி வரைகிறவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால், கேட்கிறவர்கள் உடனே கொடுக்கும் யோசனை ஒன்றுதான். "அப்ப வத்தலக்குண்டுப் பக்கம் போங்க, அங்கனதான் பச்சைப்பசேல்னு கெடக்கும்." போயிருக்கிறேன். வாழை, தென்னை, பின்னால் நீலமாக மலை. எங்கே நின்றாலும் படம் ஏற்கெனவே யாரோ வரைந்து முடித்தது போல இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு எதிர்த்திசை. குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறி, பாதி வழி தாண்டி இறங்கினால் செம்மண் காடும் மொட்டைக் குன்றாக ஒரு கரடும் நாலைந்து பனையும், மழையை மட்டும் நம்பி விதைத்த சோளமும் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடக்கும். அங்கே நிறங்கள் குறைவு. குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

என் கணவருக்கு ஊருக்குள் தோல் மண்டி. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் வெகுகாலம் டிராயிங் டீச்சராக இருந்தேன். மகள் கல்யாணமாகி வெளியூர் போனபின் வேலையை விட்டேன். விட்ட மறு வாரமே அக்ரிலிக் டியூப்களையும் ஒரு பலகையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். திங்களும் வியாழனும் என்று நாள் வைத்துக்கொண்டேன். காலை பஸ்ஸில் போய், வெயில் உச்சிக்கு ஏறுமுன் பாதி வேலையை முடித்து, வேப்பமர நிழலில் சோற்று டப்பாவைத் திறந்து, மூன்று மணி பஸ்ஸில் திரும்புவேன். அந்த வெயிலில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துபோகும். ஈரத்துணியால் மூடி மூடி வைத்துத்தான் வரைய வேண்டும்.

போன இரண்டாம் நாளே அந்தக் காட்டுக்காரி என்னைப் பிடித்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் களைக்கொத்து. வரப்பில் ஏறி நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா, எந்த ஆபீசு? அளக்க வந்தீகளா?"

"அளக்க இல்லம்மா."

"ரோடு இங்கிட்டு வருதுன்னு சொன்னாய்ங்க. மூணு காலு ஸ்டாண்டு வச்சிட்டு நின்னாலே எங்களுக்குப் பக்குங்குது. எங்க காட்டுக்குள்ளயா வருது?"

"ரோட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. நான் படம் வரையிறவ. இந்தா, பாரு."

அவள் பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள். அதில் அப்போது செம்மண்ணும் ஒரு கோடு வானமும் மட்டும் இருந்தன. பிறகு திரும்பித் தன் காட்டைப் பார்த்தாள். மறுபடியும் படத்தை.

"எதுக்கு?"

"பாக்க நல்லாருக்கு, அதான்."

"இதா?" என்றாள். கேலி இல்லை. நான் எதையாவது தவறாகப் பார்த்துவிட்டேனோ என்ற கவலைதான் அந்தக் குரலில் இருந்தது. ஸ்டாண்டைத் தொட்டு, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

"ஈசல்."

"மழைக்கு முன்னாடி லைட்டச் சுத்தி வருமே, அதுவா?"

இருபது வருடம் அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். தலையில் முக்காடு இருந்ததால் அன்றிலிருந்து நான் அவளுக்குப் 'பாயம்மா'.

அவளுக்கு இரண்டு ஏக்கர். கிணறு உண்டு, தண்ணீர் பேருக்குத்தான். கணவர் கரூர் பக்கம் மில்லில் வேலை பார்த்து வாரக் கடைசியில் வருவார். காட்டு வேலை முழுக்க அவளுடையது. வேலைக்கு நடுவே செத்த நேரம் வந்து உட்காருவாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் படத்தைக் காட்டச் சொல்வாள். படங்களைப் பார்த்து இதுவரை எனக்கு யாரும் சொல்லாத விஷயங்களை அவள் சொன்னாள்.

"இந்த மூலையில தண்ணி நிக்கும் பாயம்மா. அங்கன பயிரு ஒரு சாண் உசரமா இருக்கும். நீங்க ஒரே மட்டமா போட்ருக்கீக."

போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மூன்று மாதமாக நின்று பார்த்த இடம், எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கேட்டாள். "காலையில இருந்து நான் இங்கனதான குனிஞ்சு கெடக்கேன். படத்துல என்னையக் காணோமே?"

மறைக்க ஒன்றுமில்லை, சொன்னேன். சின்ன வயதில் என் அத்தா சொன்னது: மரத்தை வரை, மலையை வரை, உயிரோடு நடமாடுவதை வரையாதே. பள்ளிக்கூடத்தில் பாடத்துக்காக எல்லாம் வரைந்து காட்டியிருக்கிறேன். எனக்கென்று வரையும்போது கை தானாக அந்தப் பக்கம் போகாது.

அவள் யோசித்தாள். "அப்ப என் ஆட்டையும் போட மாட்டீகளா?"

"போட மாட்டேன்."

"அதுவும் நல்லதுக்குத்தான். அது ஒரு இடத்துல நிக்காது."

இப்படி முதல் வருடம் போனது. இரண்டாம் வருடம் மழை ஏமாற்றியது. ஐப்பசியில் இரண்டு மழை பெய்து சோளம் முழங்கால் உயரம் வந்தது. பிறகு வானம் அப்படியே நின்றுவிட்டது. மார்கழியில் நான் போகும்போது அவள் வரப்பில் சும்மா உட்கார்ந்திருப்பாள். செய்வதற்கு அங்கே வேலை இல்லை. நானும் அதிகம் பேசாமல் வரைந்துகொண்டிருப்பேன்.

மூன்றாம் வருடம் நல்ல மழை. சோளம் திமிறிக்கொண்டு வந்தது. ஐப்பசி மாத வியாழக்கிழமை ஒன்றில், காலையிலிருந்து வரைந்த படத்தைத் திருப்பி அவளிடம் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு சந்தோஷம்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, "பாயம்மா, இதுக்கு என்ன, நோவு விழுந்துருச்சா?" என்றாள்.

"எதுக்கு?"

"சோளத்துக்குத்தான். மஞ்ச ஏறிக் கெடக்குல்ல."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நிறச் சக்கரம் போட்டுப் பாடம் நடத்தினவளிடம் வந்து மஞ்சள், பச்சை சொல்லித் தருகிறாளே என்று கோபம் கூட வந்தது. "வெயில் பட்டா அப்பிடித்தாம்மா தெரியும். படத்துல அதைத்தான் புடிக்கணும்" என்றேன்.

அவள் வாதாடவில்லை. காட்டுக்குள் இறங்கி ஒரு சோளத் தோகையை ஒடித்துக்கொண்டு வந்தாள். படத்தில் நான் போட்டிருந்த பயிருக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தாள்.

"வச்சுப் பாருங்க. ஒண்ணா இருக்கா?"

பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. தோகையை நகர்த்தி வைத்துப் பார்த்தேன், நிழலில் பிடித்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

"ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் முகம் மாறியதைக் கண்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்ல பாயம்மா. இது கரும்பச்சை. லேசா நீலம் ஓடுது பாருங்க, நல்ல பயிருன்னா அப்பிடித்தான் ஓடும். நீங்க போட்டது பழுத்த எலை மாதிரி இருக்கு. எங்க மாமியாளுக்குப் பொரை விழுந்தப்ப வெள்ளைச் சோத்தையே மஞ்சச் சோறும்பா. கண்ணைக் காட்டுங்க."

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. தோகையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதையும் படத்தையும் கணவர் முன்னால் வைத்து, "ஒண்ணா இருக்கா, சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இல்லையே" என்றார். அந்த 'இல்லையே'யில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு வருசமா பாக்குறேன். தோல்ல ஒரு சாயம் கூடக் கொறைய இருந்தா எனக்குத் தெரியும். ஒன் படத்துல மாறுனது தெரியாதா?"

"அப்ப ஏங்க சொல்லல?"

"நீ டீச்சரு. நான் தோல் வியாபாரி. வேணும்னுதான் அப்பிடிப் போடுறேன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மதுரைக்காரர் ஒருத்தரு வேற வந்து, தங்கம் மாதிரி இருக்குன்னு பாராட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

அது உண்மைதான். கண்காட்சி நடத்துகிற மனிதர் ஒருவர் வந்து, உங்கள் வெயில் இப்போது புதுசாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஊருக்குள் பிரியாணிக் கடை வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர் அந்தப் படங்களில் ஒன்றை ஆசையாகக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். எல்லாரும் மெச்சியது என் கண்ணில் விழுந்த புரையை.

கண் டாக்டர் என் மகள் வயதுப் பெண். இரண்டு கண்ணிலும் புரை என்றாள். "மஞ்சக் கண்ணாடி போட்டுப் பாக்கிற மாதிரிம்மா. மெள்ள மெள்ள வந்ததால உங்களுக்குத் தெரியல. நீலம், பச்சை எல்லாம் கொழம்பியிருக்கும். ரெண்டையும் ஆபரேசன் பண்ணலாம். மொத ஒண்ணு, அது ஆறினதும் இன்னொண்ணு." பயப்பட ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை சொன்னாள். எனக்கு ஆபரேசன் பயமில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நான் பார்த்தது எதை என்ற பயம்தான்.

வலது கண்ணுக்கு முதலில் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிரில் என் கணவர் வெள்ளைச் சட்டையில் நின்றார். அத்தனை வெள்ளை ஒரு சட்டையில் இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் எவர்சில்வர் தம்ளர்களைப் பார்த்தேன், ஓரத்தில் எல்லாம் நீலம் மின்னியது. சந்தன நிறம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த புடவை சுத்த வெள்ளை. பெருநாளுக்கு அடித்த சுவர் நிறத்தைப் பார்த்து, "இதையா தேர்ந்தெடுத்தேன்?" என்று கேட்டேன். "கடைக்காரன் நாலு தடவை கேட்டான், இதுதானான்னு" என்றார் கணவர்.

அதுவரை சிரிப்புத்தான். படங்கள் அடுக்கியிருந்த அறைக்குள் போனபோது சிரிப்புப் போய்விட்டது. கடைசி ஒரு வருடத்தில் வரைந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். எல்லாவற்றின் மீதும் மஞ்சளை அரைத்துப் பூசி, காயவிட்டு, மேலே கொஞ்சம் காப்பித் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. வானம் எதிலுமே வானமாக இல்லை. வருடம் முழுக்கப் பஸ் ஏறி, வெயிலில் நின்று வரைந்தவை. கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்ததால் அழவும் பயமாக இருந்தது. அழுதேன்.

ஒரு மாதம் தூசிக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். காட்டுக்காரியிடம் சொல்லி அனுப்ப வழியில்லை. அத்தனை நாள் பழகியும் ஒருவர் போன் நம்பரை ஒருவர் வாங்கவில்லை. மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மண்டியிலிருந்து வந்த என் கணவருடன் அவளே வாசலில் வந்து நின்றாள். எப்போதோ நான் சொன்ன தோல் மண்டி அடையாளத்தை வைத்து, கடை கடையாகக் கேட்டு வந்திருக்கிறாள். கையில் பை நிறைய மொச்சைக்காய்.

"ஆறு தடவை பஸ்ஸு வந்துச்சு, நீங்க எறங்கல. கண்ணுக்கு என்னமோன்னு அடிச்சுக்கிருச்சு. அதான் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள்.

சாப்பிடச் சொன்னோம். ஆட்டுக்கறி அவள் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள், விரதம். மொச்சையிலேயே ஒரு வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டதும் படங்களைக் காட்டச் சொன்னாள். எனக்குக் காட்ட மனமில்லை. "எல்லாத்தையும் வெள்ளையடிச்சுட்டுப் புதுசா வரையப் போறேன்" என்றேன்.

"இருங்க, பாத்துட்டு அடிப்போம்."

அறை நடுவே பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சந்தைக்குப் போகும் முன் காய் பிரிக்கிற மாதிரி பிரிக்க ஆரம்பித்தாள். வலது கைப் பக்கம் ஒரு அடுக்கு, இடது கைப் பக்கம் ஒரு அடுக்கு. என் கணவர் மண்டிக்குப் போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நோவு. இதுவும் நோவு. இது... இது கடலைக் காடுதான? கடலைக்கு இம்புட்டு மஞ்ச வராது. நோவு." அடுத்த படத்தைக் கையில் வாங்கியவள் நிறுத்தினாள். அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது போன வருசம் மார்கழியில போட்டது."

"ஆமா."

"இது சரியாத்தான் இருக்கு பாயம்மா."

"எப்பிடி? இதுலயும் மஞ்சள்தான் அப்பிக் கெடக்கு."

"காடே அப்பிடித்தான கெடந்துச்சு? அடித்தோகை எல்லாம் பழுத்து, மேல மட்டும் உசிரு இருந்துச்சு. இந்தா, நீங்க அப்பிடித்தான போட்ருக்கீக. வானமும் அன்னைக்கு இதே மாதிரி புழுதியாத்தான் நின்னுச்சு." படத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். "நான் இதுக்கு நேரா இங்கன உக்காந்திருந்தேன். நீங்க போற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. வீட்டுக்குப் போகவே மனசு வரல அன்னைக்கு."

எனக்கு அன்றைய நாள் ஞாபகம் வந்தது. அவள் உட்கார்ந்திருந்த வரப்பு படத்தில் இருந்தது, அவள் இல்லை. அந்த மார்கழியில் அவளிடம் ஆறுதலாக நான் நாலு வார்த்தை கூடப் பேசவில்லை என்பதை அந்த அறையில் வைத்துத்தான் உணர்ந்தேன். அதைச் சொன்னேன்.

"பேசி என்னாகப் போகுது? வந்து நின்னீகல்ல. அந்தக் காட்டுப் பக்கம் அந்த மாசம் வேற யாரு வந்தா?" என்றாள்.

கடைசியில் வலது பக்கம் சேர்ந்தவை நான்கு. எல்லாம் அந்த ஒரு மார்கழியும் தையும் வரைந்தவை. அவற்றில் ஒரு புள்ளி கூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மற்றவற்றை எடுத்துவைத்துப் புதுக் கண்ணால் மெல்ல மெல்லத் திருத்தினேன். சில திருந்தின. சிலவற்றை வெள்ளையடிக்கத்தான் வேண்டியிருந்தது.

பிரியாணிக் கடைப் படத்தையும் திருத்திக் கொடுத்துவிடலாம் என்று போனேன். கடைக்காரர் கேஷ் மேசையை விட்டு எழுந்து வந்து படத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். "மாமி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம், அதைத் தொடாதீங்க. சாப்பிட வர்றவங்க போட்டோ எடுத்துக்கிறாங்க."

"அது தப்பான கலருப்பா. என் கண்ணுல கோளாறு இருந்தப்ப வரைஞ்சது."

"இருக்கட்டுமே. எங்க லைட்டுக்கு அது நல்லாத்தான இருக்கு." மேலே பார்த்தேன். மஞ்சள் பல்பு. ஒரு பிளேட் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

மாதம் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன். வலது கண் புதுசு, இடது கண் பழசு. வரப்பில் நின்று ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பழைய கண்ணில் காடு முழுக்கச் சாயங்கால வெயில் போலப் பொன்னாகக் கிடந்தது, மணி பத்தரை. புதுக் கண்ணில் கரடு சாம்பலும் ஊதாவுமாக விலகி நின்றது. கதிர் வைத்த சோளத்துக்குள் அவள் சொன்ன நீலம் ஓடியது.

"என்ன, கண்ணடிச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்று அவள் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப என் சீலை என்ன கலரு, சொல்லுங்க" என்றாள்.

"இந்தக் கண்ணுல காப்பிக்கொட்டை. இந்தக் கண்ணுல கத்திரிப்பூ."

"கத்திரிப்பூதான். ரெண்டு வருசமா இதைத்தான் கட்டுறேன்."

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குத் தயக்கம் வந்தது. அந்தப் பொன் வெயில் அழகாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் திரும்ப வராது. ஒரு கண்ணில் உள்ளதை உள்ளபடி பார்த்துக்கொண்டு, இன்னொன்றை இப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று கணவரிடம் கேட்டேன்.

"ரோட்டக் கடக்கிறப்ப எந்தக் கண்ணால பாப்ப?" என்றார் அவர்.

போய்ச் செய்துகொண்டேன். ஆபரேசனுக்கு முந்தின நாள் மட்டும் வலது கண்ணை மூடிக்கொண்டு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நின்றேன். மலைக்கோட்டைப் பாறை தேன் ஊற்றின மாதிரி இருந்தது. பார்த்து முடித்துக் கீழே வந்துவிட்டேன்.

இரண்டு கண்ணும் ஆறி நான் மறுபடி போனபோது சோளம் அறுத்து முடிந்திருந்தது. தட்டையைப் போராக அடுக்கியிருந்தாள். விளைச்சல் அவளுக்குத் திருப்தி. வெறும் தாள்கட்டைகள் நிற்கும் செம்மண்ணையும் அந்தப் போரையும் வரைய உட்கார்ந்தேன். கண் சரியானால் படமும் சரியாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. எங்கே பார்த்தாலும் நீலம் கண்ணில் படுகிறது, கை அதையே எடுக்கிறது. மண்ணின் நிழல் நீலம், போரின் நிழல் நீலம், பனையடியில் நீலம். மூன்று நாள் வேலைக்குப் பிறகு அவளிடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நோவு இல்ல பாயம்மா. ஆனா குளிரடிக்குது."

"அப்பிடியா இருக்கு?"

"மாசி வெயிலு மண்டையப் பொளக்குது. இதுல போயி நின்னா சளி புடிக்கும்."

அவள் சொன்னது எனக்கும் தெரிந்தது. இந்தத் தடவை தோகை ஒடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. போரின் வெயில் பட்ட பக்கத்தைச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் மஞ்சளைக் குழைக்க ஆரம்பித்தேன்.

"சீக்கிரம் முடிங்க" என்றாள் அவள், ஆட்டை அவிழ்த்துக்கொண்டே. "மழை ஒண்ணு பேஞ்சுச்சுன்னா கோடை உழவு போட்ருவேன். அப்புறம் இந்தக் கட்டை ஒண்ணும் இருக்காது. போரையும் கேட்டு ஆள் வந்துட்டுப் போயிருக்கு."

அந்த வாரம் திங்கள், வியாழனோடு சனிக்கிழமையும் போனேன்.